சொட்டு நிறுத்திய மாப்பிள்ளை

என் மாப்பிள்ளைக்குச் சொட்டுச் சத்தம் ஆகாது. சிலருக்குப் பூனை ஆகாது, சிலருக்கு மாமியார் ஆகாது, இவருக்குக் குழாய் சொட்டினால் ஆகாது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, புதுச் சட்டையைக் கழற்றினாரோ இல்லையோ, சமையலறைக் குழாயைக் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் குழாயும் சொட்டியதில்லை. லேசில் திறந்ததும் இல்லை. ஒரு குடம் தண்ணீர் பிடிக்க நானும் என் மகளும் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து முக்க வேண்டும்.

"ஏங்க, இதக் கொஞ்சம் லூஸ் பண்ணித் தரக் கூடாதா?" என்று என் மகள் கேட்பாள்.

"லூஸ் பண்ணினா சொட்டும்."

"சொட்டட்டுமே."

"சொட்டட்டுமா? நல்லா இருக்குடி உன் பேச்சு. நான் தொட்ட குழாய் சொட்டுதுன்னு ஊர்ல ஒருத்தன் சொல்லக் கூடாது."

குழாய் வேலைதான் அவர் தொழில். கட்டட மேஸ்திரி ஒருவரிடம் இருந்தார். கை சுத்தமான வேலைக்காரர், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்யாணமான மறு வருஷம் அந்த வேலை போய்விட்டது. ஏன் போனது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மகன் என்றால் காதைத் திருகிக் கேட்டிருப்பேன். மாப்பிள்ளையை என்ன கேட்பது? 'வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க' என்பதற்கு மேல் என் வாய்க்கு அவரிடம் வேலை இல்லை. மற்றதையெல்லாம் என் மகளைப் பார்த்துத்தான் பேசுவேன். அவர் காதில் விழுகிற மாதிரி.

வீட்டில் சொத்து என்று இருந்தது ஒரு படகு. என் வீட்டுக்காரர் ஓட்டியது. நெஞ்சு வலியில் அவர் போய்ச் சேர்ந்த பிறகு கூலிக்கு ஆள் வைத்தேன். அந்தக் கூலிக்காரன் படகுக்கு ஊற்றின டீசலைவிட வெளியே விற்ற டீசல் அதிகம். மாப்பிள்ளை வேலையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நானே சொன்னேன்.

"வெளியாள் எதுக்கு மாப்பிள்ள? படக நீங்களே ஓட்டுங்க."

ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் ஆலையும் ஆஸ்பத்திரியும். காலையில் ஆலைச் சங்குக்கு முன்னால் போகிற நடை எங்கள் படகுடையது. படகுத்துறையில் இருக்கிற மற்ற படகுக்காரர்களுக்கெல்லாம் அந்த நடை மேல் ஒரு கண். படகு நிறைய ஆள் வரும், வருஷம் முழுக்க வரும். என் மகள் முன்பக்கம் நின்று டிக்கெட் கொடுப்பாள். வீட்டுக்குள் குரலை உயர்த்தாதவள் அங்கே நின்றால் ராணி. 'அண்ணே, நேத்து பாக்கி எங்க', 'அக்கா, குழந்தைய மடியில வச்சுக்கங்க' என்று ஆலைக்காரர்களை அதட்டி உட்கார வைப்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்காருவார்கள். அவள் நாள் முழுக்க முகம் மலர்ந்து இருப்பது அந்த நேரத்தில்தான்.

இப்படியே போயிருக்கும். சொட்டுதான் கெடுத்தது.

படகு இன்ஜினிலிருந்து ஒரு இரும்புத் தண்டு பின்னால் போய், அடிப்பலகையில் ஓட்டை வழியாக ஆற்றுக்குள் இறங்கும். அதன் முனையில்தான் படகைத் தள்ளுகிற விசிறி. தண்டு வெளியே போகிற அந்த ஓட்டையில் கிரீஸ் தடவிய கயிற்றைச் சுற்றி, மேலே ஒரு வளையத்தை வைத்து முடுக்கியிருப்பார்கள். வழக்கமான முடுக்கில் அங்கே தண்ணீர் கொஞ்சம் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். அதைக் காலையில் ஒரு மக்கில் மொண்டு வெளியே ஊற்றுவது என் வேலை. இடுப்பு ஒடியும்.

மாப்பிள்ளை ஒரு நாள் அந்தச் சொட்டைப் பார்த்தார். பார்த்தால் சும்மா இருப்பாரா? பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பலகைக்கு அடியில் தவழ்ந்து போனார். வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அத்த, நாளையிலேருந்து நீங்க தண்ணி மொள்ள வேண்டாம். நிறுத்திட்டேன்."

சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் சந்தோஷம்தான். குனிந்து நிமிர்கிற வேலை ஒன்று போயிற்றே என்று நினைத்தேன். படகின் அடி காய்ந்த தரை மாதிரி இருந்தது.

நாலைந்து நாளில் படகில் ஏதோ தீய்கிற நாற்றம் வந்தது. ஆலைக்காரர் ஒருவர், 'என்ன, அடுப்பு பத்த வச்சிருக்கீங்களா' என்று கிண்டல் பண்ணினார். மறுநாள் நடு ஆற்றில் பலகைக்கு அடியிலிருந்து புகை வந்து, இன்ஜின் முனகிவிட்டு நின்றது. படகு நிறைய ஆள். வேறு படகு வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. சங்கு ஊதிய பிறகுதான் ஆலைக்காரர்கள் கரை ஏறினார்கள். அவர்கள் திட்டிய திட்டெல்லாம் என் மகளுக்கு.

துறையில் ஒரு மெக்கானிக் கொட்டகை இருக்கிறது. அந்த மெக்கானிக் என் வீட்டுக்காரர் காலத்து ஆள். நான் போய்ச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்து படகுக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதற்குள் மாப்பிள்ளை இன்ஜின் மூடியைத் திறந்து, தண்டைக் கியர் பெட்டியோடு சேர்க்கிற போல்ட்டுகளில் பாதியைக் கழற்றிப் பலகை மேல் பரப்பி வைத்திருந்தார்.

"யாரு முடுக்குனது இந்த வளையத்த?" என்று மெக்கானிக் கேட்டார்.

"நான்தான். சொட்டுச்சு, நிறுத்தினேன்" என்றார் மாப்பிள்ளை.

"சொட்டுறதுதான் தம்பி அதுக்கு மருந்து. அந்தத் தண்ணிதான் தண்ட சூடாகாம வச்சிருக்கும். இப்ப கயிறு கருகி, தண்டு தேஞ்சு கிடக்கு. தட்டு கொண்டாங்க, பாத்துடலாம்."

இதைச் சொன்னால்தான் புரியும். எங்கள் துறையில் ஒரு வழக்கம். ஒருவன் திறந்த இன்ஜினில் இன்னொருவன் கை வைக்க மாட்டான். கடைசியாகத் தொட்டவன் தலையில்தான் பழி விழும் என்று மெக்கானிக்குகளுக்குப் பயம். அதனால் திறந்தவன், கழற்றின நட்டு போல்ட்டையெல்லாம் ஒரு தட்டில் போட்டு, கொட்டகைக்குக் கொண்டுபோய், நாலு பேர் பார்க்க வைத்து, 'என்னால முடியல, நீங்க பாருங்க' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எல்லாம் மெக்கானிக் பொறுப்பு. அரை மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம். என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை தட்டை வைத்துச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து டீ குடிப்பார்.

மாப்பிள்ளை தட்டைத் தேடவில்லை. ஸ்பேனரை எடுத்தார்.

"நானே பாத்துக்கறேண்ணே. ஒரு வாஷர் மாத்தினா சரியாயிடும்."

சுற்றி நின்ற படகுக்காரர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து துறையில் அவருக்கு 'வாஷர்' என்றே பெயர் ஆகிவிட்டது.

மறுநாள், படகுகளுக்கு நடை பிரித்துக் கொடுக்கிற துறைத் தலைவர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பெரியம்மா, ஆலைக்காரங்க என் சட்டையப் பிடிக்கிறாங்க. ஒண்ணாந்தேதி காலை நடைக்கு உங்க படகு வந்து நிக்கணும். நின்னா நடை உங்களுது. இல்லேன்னா அடுத்த படகுக்குக் கொடுத்துடுவேன். கொடுத்தா திருப்பிக் கேக்கக் கூடாது."

என் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒண்ணாந்தேதிக்கு அதிகம் நாள் இல்லை.

மாப்பிள்ளை படகைக் கரைக்கு இழுத்துப் போட்டு வேலையை ஆரம்பித்தார். அந்த வேலை எப்படிப்பட்டது என்றால், படகின் அடியில் கை போகிற இடத்துக்குக் கண் போகாது, கண் போகிற இடத்துக்குக் கை போகாது. குப்புறப் படுத்து, ஒரு காதை எண்ணெய்த் தண்ணீரில் வைத்துக்கொண்டு, விரல் நுனியால் நட்டைத் தடவித் தடவித் தேட வேண்டும். மாட்டுகிற நேரத்தில் நட்டு நழுவி விழும். விழுந்த நட்டைத் தேடப் போனால் ஸ்பேனர் விழும். ஸ்பேனரைத் தேடப் போனால் முட்டியில் தோல் உரியும். என் மகள் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"லைட்ட இங்க பிடிடி."

"இங்கன்னா எங்க?"

"நான் பாக்குற இடத்துல."

"நீங்க பாக்குற இடம் எனக்கு எப்படித் தெரியும்? உங்க பின்னந்தலைதான் தெரியுது."

"மண்டையில அடிக்காத. லைட்ட அடி!"

ஒரு போல்ட் துருவேறி நகரவில்லை. பைப் ரிஞ்சைப் போட்டு, அதன் கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, தொங்கினார். போல்ட் தலை மட்டும் தனியாகக் கழன்று வந்தது, உடம்பு உள்ளேயே இருந்துவிட்டது. அதை உளி வைத்து வெட்டினார். உளி நழுவிக் கட்டை விரலைப் பிளந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வெட்டினார். தேய்ந்த தண்டை மாற்றாமல் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கத் தண்டு இன்னும் இளைத்தது. இளைத்த தண்டுக்குக் கயிறு போதவில்லை. குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைக் கயிற்று மேல் சுற்றினார். சணல் சுற்றினார். உடைந்ததற்கும் துருவேறிய மற்ற போல்ட்டுகளுக்கும் பதிலாகத் தன் பழைய குழாய்ப் பெட்டியில் கிடந்த போல்ட்டுகளைப் போட்டார். அவை ஒரு சுற்று ஒல்லி. ஓட்டைக்குள் ஆடின. ஆட்டத்தை நிறுத்த வாஷர் மேல் வாஷராக அடுக்கினார். அடை சுட்டு அடுக்கின மாதிரி இருந்தது.

சாப்பாட்டுக்கு வந்தால் கையில் எண்ணெய், முகத்தில் எண்ணெய், சோற்றில் எண்ணெய். நான் என் மகளைப் பார்த்துப் பேசுவேன்.

"ஏண்டி, ஒரு தட்டுல அதையெல்லாம் அள்ளிப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தா உன் புருஷன் கிரீடம் என்ன கீழ விழுந்துடுமா?"

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், நிமிர மாட்டார்.

இவர் போக மாட்டார் என்று தெரிந்ததும் நானே போனேன். அவர் குளிக்கிற நேரம் பார்த்து, படகில் கிடந்த உடைந்த போல்ட்டு, கருகின கயிறு, கிடைத்ததையெல்லாம் சாப்பாட்டுத் தட்டில் அள்ளி முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய் மெக்கானிக் முன்னால் வைத்தேன்.

"எங்களால முடியலப்பா. நீயே பாரு."

மெக்கானிக் தட்டைத் தொடவில்லை. பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். அந்த மரியாதை தெரியும் அவருக்கு.

"அக்கா, நீங்க திறக்கலையே."

"படகு என்னுது."

"படகு உங்களுது. கை அவருது. அவர் வாயால சொல்லாம நான் தொட்டா, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் கெடுத்தேன்னு சொல்லுவார். இப்பவே துறையில என்னப் பத்தி 'அந்தாளுக்கு என்ன தெரியும்'னு பேசிட்டுத் திரியறார். அவர வரச் சொல்லுங்க. ஒரு வார்த்த. ராத்திரியோட ராத்திரியா முடிச்சுத் தர்றேன்."

தட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் மாப்பிள்ளை தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார். தட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். படகை ஓட்டச் சொன்னதற்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் அவரிடமே நேராகப் பேசினேன்.

"மாப்பிள்ள, உங்க காலப் பிடிக்கட்டுமா? சொல்லுங்க, பிடிக்கறேன். ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. என் பொண்ணுக்கு அந்த நடைய விட்டா வேற என்ன இருக்கு?"

அவர் துண்டைக் கொடியில் போட்டார். மடிப்பு நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சரி பண்ணினார்.

"சொல்லியிருக்கேன் அத்த. ஒரு தடவ சொல்லியிருக்கேன். மாடி வீட்டுல பைப் உடஞ்சு தண்ணி இறங்கிடுச்சு. மேஸ்திரிகிட்டப் போயி, என் தப்புதான், என்னால முடியல, வேற ஆள விட்டுப் பாருங்கன்னு சொன்னேன். எல்லாரும் நின்னாங்க. சொன்னதுக்கு என்ன கொடுத்தாங்க தெரியுமா? என் பெட்டிய எடுத்து வெளிய வச்சாங்க. பொய் சொன்னவன்லாம் இன்னும் அங்கதான் வேலை பாக்கறான்."

வேலை ஏன் போனது என்று இத்தனை வருஷம் கழித்து இப்படித்தான் தெரிந்தது. பாவம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

என் மகள் கேட்டாள். "அது அந்த மேஸ்திரிங்க. நம்ம மெக்கானிக் அப்பாவோட பழகினவரு. நம்மள வெளிய வைக்க மாட்டாரு. எனக்காகப் போங்களேன்."

"உனக்காகத்தாண்டி ராப்பகலா கெடக்கறேன். ஓடும். நாளைக்கு ஓட்டிக் காட்டறேன், பாரு."

ஓட்டிக் காட்டவும் செய்தார். படகைத் தண்ணீரில் இறக்கி, கரையோரமாக நேரே விட்டார். போனது. திரும்பி வட்டமடித்து வந்தது. என் மகள் கையைத் தட்டினாள். எனக்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கினாற்போல் இருந்தது. அந்தத் தண்டு வாயில் ஒரு சொட்டுக்கூட இல்லை. இப்போது அது இல்லாதது எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் மாப்பிள்ளை வளையத்தைக் கொஞ்சம் தளர்த்தி, 'இந்தா, சொட்டுது, திருப்தியா?' என்று காட்டினார். மெக்கானிக் சொன்னதை அந்த அளவுக்காவது காதில் வாங்கியிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒண்ணாந்தேதி காலை. படகு துறையில் நின்றது. தலைவர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். ஆலைக்காரர்கள் ஏறினார்கள். என் மகள் முன்பக்கம் நின்று, 'உள்ள தள்ளி உக்காருங்கண்ணே, இன்னிக்குப் புகை வராது' என்று அவளே கிண்டல் பண்ணினாள். மெக்கானிக் தன் கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் படிக்கட்டில் நின்றேன்.

துறையிலிருந்து கிளம்ப வேண்டும் என்றால் முதலில் படகைப் பின்னால் எடுக்க வேண்டும். மாப்பிள்ளை கியரைப் பின்னால் போட்டார்.

படார் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு இன்ஜின் மட்டும் தலைதெறிக்க ஓடியது, படகு அசையவில்லை. முன்னால் போகும்போது விசிறி தண்டை இன்ஜின் பக்கம் தள்ளுமாம், பின்னால் எடுக்கும்போது வெளியே இழுக்குமாம். பிறகு சொன்னார்கள். மாப்பிள்ளை ஓட்டிப் பார்த்தது எல்லாம் முன்னால்தான். ஒல்லி போல்ட்டுகள் அத்தனையும் ஒரே இழுப்பில் அறுந்து, தண்டு வழுக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய், சுக்கானில் இடித்து நின்றது. அது இருந்த ஓட்டையில் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. சொட்டெல்லாம் இல்லை, என் கைத் தடிமனுக்கு.

துறையில் நின்றதால் ஆள் பிழைத்தது. எல்லோரும் படிக்கட்டுக்குத் தாவினார்கள். செருப்பு போனது, சாப்பாட்டுத் தூக்கு போனது. என் மகள் எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக ஏறினாள். டிக்கெட் பை நனைந்து தொங்கியது. படகு பின்பக்கம் தாழ்ந்து, மெதுவாகச் சேற்றில் போய் உட்கார்ந்தது. எருமை உட்காருகிற மாதிரி, அவசரமே இல்லாமல்.

மாப்பிள்ளை மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஒரு சாக்கை ஓட்டையில் திணித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் படியிறங்கித் தண்ணீர் ஓரம் வரை வந்தார். எல்லோரும் பார்த்தார்கள். கையை நீட்டினார்.

"மேல வாங்க தம்பி. விடுங்க. இப்பவாவது சொல்லுங்க, பாக்கறேன். தலைவர்கிட்ட நான் பேசறேன்."

தலைவரும் அடுத்த படகைக் கூப்பிடாமல் காத்திருந்தார். அவர் காத்திருந்ததை நான் பார்த்தேன். என் மகள் நனைந்த பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு புருஷன் வாயையே பார்த்தாள்.

மாப்பிள்ளை நீட்டின கையைப் பார்த்தார். கையில் இருந்த அறுந்த போல்ட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"மட்டமான போல்ட்டுண்ணே" என்றார். "நல்ல போல்ட்டா இருந்தா நின்னிருக்கும்."

மெக்கானிக் கையை மடக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். தலைவர் அடுத்த படகுக்காரனைக் கூப்பிட்டார். "கொண்டாப்பா, ஆளுங்களுக்கு நேரமாச்சு." அவ்வளவுதான். எங்கள் நடை அந்த நேரத்தோடு போயிற்று.

படகைத் தூக்கிக் கரையில் போட்டோம். தண்டு உதவாமல் போய்விட்டது, வேறு தண்டு வாங்க வழியும் இல்லை. இன்ஜினை யாரோ பழைய இரும்புக்கு எடுத்துப் போனார்கள். என் மகள் இப்போது அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். மாப்பிள்ளை மறுபடி குழாய் வேலைக்குப் போகிறார், கூப்பிட்டால். கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். என் மகளைச் சாயங்காலம் அழைத்து வரத் துறை வரை போவார். தோற்றேன் என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. அதற்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து விலை கொடுக்கிறோம்.

போன வாரம் கண் காட்டிக்கொள்ள நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று பேரும் காலை நடையில் ஏறினோம். மாப்பிள்ளை நேரே போய் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் காதைச் சாய்த்தார்.

"ஏம்ப்பா, சத்தம் ஒரு மாதிரி வருதே. தண்டு சேர்ற கப்ளிங்கப் பாத்தியா? ஒரு வாஷர் போட்டாப் போதும். நான் வேணா திறந்து பாக்கட்டுமா?"

ஓட்டுகிறவன் திரும்பவே இல்லை. "வாஷரண்ணே, கையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. புண்ணியமாப் போகும்."

படகே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார், அவன் வேறு யாரையோ சொன்ன மாதிரி.

என் மகள் எழுந்து, நாலு பலகை தள்ளிப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஆடுகிற படகில் எழுந்து நடப்பது இந்த வயதில் லேசில்லை. ஒவ்வொரு பலகையாகப் பிடித்துப் பிடித்து நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.